இறகுத் தூள் மூட்டைக்குள் யூரியா: காளான் போடுபவர்கள் கவனத்துக்கு

சிப்பிக் காளான் வளர்க்கும் வைக்கோல் பைகளுக்குச் சத்து கூட்ட இறகுத் தூள் (கோழி இறகை அரைத்த தூள்) தேடுகிறீர்களா? வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

"சுத்தமான இறகுத் தூள், புரதம் 85 சதவீதம்" என்று ஆய்வறிக்கையையும் கையில் கொடுத்துத்தான் மூட்டையை என் தலையில் கட்டினார் அந்த வியாபாரி. வைக்கோலில் நைட்ரஜன் அரை சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும், கொஞ்சம் சேர்த்தால் விளைச்சல் கூடும் என்பதும் உண்மைதான்.

விதை போட்ட சில நாளிலேயே தூள் கலந்த பைகள் தொட்டால் சுட்டன. வாயைப் பிரித்தால் மூத்திர நெடி. விதையைச் சுற்றி வெள்ளையாகக் கிளம்பிய காளான் இழை அப்படியே நின்றுபோனது. பிறகு பச்சைப் பூஞ்சை. சில பைகளில் கறுப்பு மையாகக் கரைந்து வழியும் களைக் காளான். அதே விதை, அதே வைக்கோல், தூள் மட்டும் போடாத பைகளில் இழை நன்றாக ஓடியிருந்தது. வியாபாரியைக் கேட்டால், "விதை சரியில்ல சார்" என்கிறார்!

தூளில் யூரியா கலந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தது. பச்சைச் சோயாவை அரைத்த மாவில் அந்தத் தூளைப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு மூடி வைத்தேன். அரை மணி கழித்துத் திறந்ததும் அம்மோனியா கண்ணைக் கரித்தது. பச்சைச் சோயாவில் உள்ள யூரியேஸ் என்ற நொதி யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கும். (வறுத்த சோயா உதவாது, நொதி செத்திருக்கும்.) சோயா சேர்க்காமல் கரைத்த தூளில் அந்த நெடி இல்லை.

எரிச்சல் என்னவென்றால், அறிக்கை பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆய்வகம் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கி 'கச்சாப் புரதம்' என்று போடும். யூரியாவில் நைட்ரஜன் 46 சதவீதம். இந்தக் கணக்கில் அது 287 சதவீதப் 'புரதம்'! மட்டமான சரக்கில் கொஞ்சம் கலந்தாலே எண் எகிறிவிடும். ஆகவே யூரியா அளவைத் தனியாகக் காட்டும் அறிக்கை கேளுங்கள். தர மறுத்தால் வாங்காதீர்கள்.

"பட்டன் காளானுக்குக் கோழி எருவே போடுறாங்களே" என்றும் மடக்கினார். அங்கே எருவை வைக்கோலோடு மக்கவைத்து, நீராவியில் பதப்படுத்தி, அம்மோனியா வாடை போன பிறகுதான் விதை போடுவார்கள். வெந்நீரில் முக்கியெடுத்த வைக்கோலில் நேரடியாகக் கொட்டுவதும் அதுவும் ஒன்றா?

திறந்த மூட்டையைத் திரும்ப எடுக்க மாட்டாராம். வேண்டுமானால் ரத்தத் தூள் தள்ளுபடியில் தருகிறாராம், அதற்கும் அறிக்கை இருக்கிறதாம்.