கண்ணால் இயங்கும் இணையத்தளம்: வெப்கேமரா நிரலா, பெரிய பட்டன்களா?

மட்டக்களப்பில் ஒரு மருந்துக்கடைக்கு இணையத்தளம் செய்தபோது, கண்ணசைவாலேயே மருந்து கேட்க வழி வைக்க ஆசைப்பட்டேன். காரணம் கல்லடியில் இருக்கும் மாமா. மரத்திலிருந்து விழுந்து கழுத்தில் அடிபட்டதிலிருந்து அவருக்குக் கைகள் இயங்குவதில்லை.

வழிகள் இரண்டு. கண்ணைத் தொடரும் நிரலைத் தளத்துக்குள்ளேயே வைக்கலாம். பிரவுன் பல்கலைக்கழகத்தில் உருவான வெப்கேசர் இலவசம், சாதாரண வெப்கேமரா போதும். அல்லது அந்த வேலையை அவரவர் சாதனத்திடம் விட்டுவிட்டு, தளத்தை அதற்கு இசைவாக்கலாம். நான் இரண்டாவதற்கு மாறியது நிரலைக் கண்ணுக்குப் பழக்கும் வேலையால்தான்.

வெப்கேசர் நம் சொடுக்குகளைப் பார்த்தே பார்வையைக் கற்றுக்கொள்கிறது. அதன் மாதிரிப் பக்கத்தில் 9 புள்ளிகள். ஒவ்வொன்றையும் பார்த்தபடி 5 முறை சொடுக்க வேண்டும். மாமாவின் முன் மடிக்கணினியைத் திறந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. "மருமகன், சொடுக்க ஏலும் என்றால் எனக்கு இது என்னத்துக்கு?" என்றார். அந்த 45 சொடுக்கையும் நானே செய்தேன். தலை சற்றுச் சாய்ந்தது, விறாந்தையில் வெயில் ஏறியது, குறி சில சென்டிமீட்டர் விலகிவிட்டது. மறுபடியும் 45. தளத்துக்குத் தளம் இந்தப் பாடு என்றால் யார் மருந்து வாங்குவார்கள்?

கட்டாரிலிருந்து மாமாவின் மகன் அனுப்பிய ஐபேடில், 2024இல் வந்த ஐபேட்ஓஎஸ் 18 இயங்குதளம் கண்ணைத் தொடரும் வசதியை உள்ளேயே வைத்திருக்கிறது. ஒருவர் அமைத்துக் கொடுத்தால் போதும். திரையில் நகரும் புள்ளியைக் கண்ணால் பின்தொடர்ந்ததும் பழக்கல் முடிந்தது. பட்டனைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தால் அதுவே அழுத்தல். வின்டோஸ் 10இலும் 2017 முதல் உண்டு, ஆனால் அதற்குத் தனிக் கருவி வாங்க வேண்டும்.

எனக்கு மிஞ்சியது தளத்தின் வேலை. முதலில் நாட்காட்டியைத் தூக்கினேன்; 17ஐப் பார்த்தால் 24 அழுந்தியது. அந்த இடத்தில் 'இன்று', 'நாளை', 'வேறு நாள்' என மூன்று பட்டன்கள். இணைய அணுகல் நெறிமுறையான டபிள்யூசிஏஜி 2.2 பட்டனின் அளவுக்குக் கேட்பது 24 பிக்சல். சுட்டிக்குச் சரி, கண்ணுக்குப் போதாது. அதே நெறிமுறையின் கடுமையான நிலை சொல்லும் 44ஐயும் தாண்டி 80 வைத்தேன். 'அனுப்பு' அருகில் இருந்த 'அழி'யைப் பக்கத்தின் அடிக்குத் தள்ளினேன். சின்னப்பிள்ளைப் புத்தகம் போல இருக்கிறது என்று கடைக்காரர் முகம் சுளித்தார். இருக்கட்டும்.

நான் பார்த்துச் சொல்வது மாமா ஒருவரை வைத்துத்தான். கண்ணே நிலைகொள்ளாதவர்களுக்கு இது பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஐபேடும் மதிய வெயிலில் தடுமாறுகிறது. அதனால் மாமா காலையிலேயே மருந்துக்குச் சொல்லிவிடுகிறார்.