பிங்குவா, டோராவா, புளூயியா? திருகோணமலை வீட்டுக்கு எது சரி

உப்புவெளிப் பக்கத்தில் ஒரே ஒழுங்கைக்குள் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் சேர்ந்துதான் விளையாடுகிறார்கள். லீவு நாளில் வெயில் ஏறியதும் எல்லாரும் யாராவது ஒரு வீட்டு டிவிக்கு முன்னால். அதனால் சிறுவர் நிகழ்ச்சி எதைப் பார்த்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: அது பிள்ளைகளைப் பேச வைக்கிறதா, வாயை மூட வைக்கிறதா?

அப்படிப் பார்த்தால் முதலிடம் பிங்குவுக்கு. சுவிட்சர்லாந்தில் களிமண் பென்குயின் பொம்மைகளை வைத்து எடுத்த தொடர், 1990இல் தொடங்கியது. ஒரு கதை ஐந்து நிமிடம்தான். அந்தப் பென்குயின்கள் பேசுவது எந்த நாட்டு மொழியும் இல்லை. முதல் தொடர்களில் எல்லாருக்கும் குரல் கொடுத்தவர் கார்லோ பொனோமி என்ற இத்தாலியர் ஒருவரே. பிங்குவின் அலகு குழல்போல நீண்டு “நூட் நூட்” என்றால் யாருக்குத்தான் விளங்காது? டப்பிங்கே வேண்டாம். பேச்சு இல்லாத இடத்தை வீடு நிரப்பிவிடும். “அப்பா தபால் குடுக்கப் போறார், இவன் பின்னால போறான் பார்” என்று அம்மம்மா சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டுப் பிள்ளை அதே காட்சியைச் சிங்களத்தில் தன் தம்பிக்குச் சொல்லும். பிரிட்டனின் ‘ஷோன் த ஷீப்’பும் (2007) பேச்சில்லாததுதான். ஆனால் அதில் பகிடிகள் வேகமாக ஓடும், சின்னதுகளுக்குப் பிடிபடாது.

டோரா வேறு வழியில் பேச வைக்கிறாள். அமெரிக்காவில் 2000இல் வந்த தொடர், நமக்குச் சுட்டி டிவி வழியாகத் தமிழில் கிடைத்தது. கேள்வி கேட்டுவிட்டுக் கண்ணை இமைத்தபடி காத்திருப்பாள். பொருள்களைத் திருட வரும் குள்ளநரியைக் கண்டால் “திருடக்கூடாது” என்று பிள்ளைகளும் சேர்ந்து கத்துவார்கள். நல்லதுதான். ஆனால் பிள்ளை என்ன பதில் சொன்னாலும் டோரா சொல்வது மாறாது. மூன்று வயதுக்கு அது தெரியாது, ஆறு வயதுக்கு நன்றாகத் தெரியும். தமிழ் விளங்காத பிள்ளை இதற்குள் சும்மா இருக்க வேண்டியதுதான்.

இந்தியாவின் சோட்டா பீம் (2008) எனக்குப் பிடிக்கவில்லை. லட்டைத் தின்றதும் பலம் வந்துவிடும், அடிதடியோடு கதை முடிந்துவிடும். பார்த்து முடித்த பிள்ளைகள் தள்ளுமுள்ளுக்குத்தான் போகிறார்கள்.

அப்புறம் புளூயி. 2018இல் தொடங்கிய ஆஸ்திரேலியத் தொடர், பிரிஸ்பேனில் தயாராவது. கதைகள் பெரும்பாலும் ஏழு நிமிடம். இதில் புளூயி என்ற நாய்க்குட்டியோடு அப்பாவும் அம்மாவும் உண்மையாகவே விளையாடுகிறார்கள். பலூன் நிலத்தில் படக்கூடாது என்ற ஒரே விதியில் ஒரு முழுக்கதை ஓடுகிறது. சிறுவர் நிகழ்ச்சியில் இவ்வளவு அன்பான ஒரு வீட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆனால் அத்தனையும் வேகமான ஆங்கிலத்தில்தான் பார்க்கிறோம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லாவிட்டால் பாதி போய்விடும். அதனால் அப்பா வீட்டில் நிற்கிற நேரத்துக்கு இதை வையுங்கள். வரும்போது கடையில் இரண்டு பலூனும் வாங்கி வரச் சொல்லுங்கள். கதை முடிந்த கையோடு பிள்ளை கேட்கும்.