நான்கு மில்லிமீட்டர் வெட்டு, பத்து நாள் நீலம்

குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. தொட்டால் கோலிக்குண்டு போல நழுவி ஓடும். சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் பாலிகிளினிக்கில், அதாவது அரசாங்க மருந்தகத்தில் காட்டி, அங்கே கொடுத்த கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனைக்குப் போனேன். கடிதத்தோடு போனால் மானியக் கட்டணம், மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கேன், பிறகு கட்டியில் துளி சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி. ஃபைப்ரோஅடினோமா என்று வந்தது. புற்றுநோய் இல்லை.

டாக்டர் உடனே கத்தியை எடுக்கவில்லை. இதை அப்படியே விட்டுவிடலாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்ப்போம் என்றார். ஒரு வருடத்தில் 1.6 செ.மீ. கட்டி 2.4 ஆனபிறகுதான் எடுக்கும் பேச்சே வந்தது. அந்த நிதானத்தால்தான் அவரை நம்பினேன்.

என் அம்மாவுக்கு ஊரில் இதே மாதிரி கட்டியை எடுத்தபோது முழு மயக்கம், தையல், இன்றைக்கும் விரல் நீளத் தழும்பு. எனக்குச் செய்தது வேக்குவம் ஊசி முறை. மரத்துப்போகும் ஊசி போட்டார்கள், அது மட்டும் சுரீரென்று எரிந்தது. நான்கு மில்லிமீட்டர் வெட்டு. ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசியைக் கட்டிக்கு அடியில் கொண்டுபோனார்கள். ஊசியின் பக்கவாட்டில் ஒரு திறப்பு. இயந்திரம் சதையை அதற்குள் உறிஞ்ச, உள்ளே சுழலும் கத்தி வெட்டி வெளியே இழுத்துவிடுகிறது. வலி இல்லை, இழுபடும் உணர்வும் கர்ரென்ற சத்தமும்தான். திரையில் அந்தக் கறுப்பு முட்டை சிறுகச் சிறுகத் தேய்ந்து மறைந்ததை நானே பார்த்தேன். வந்த துண்டுகள் உடைத்த சேமியா போல இருந்தன. "அக்கா, முடிஞ்சிடுச்சு, மூச்சு விடுங்க" என்று தமிழ்த் தாதி கையைப் பிடித்தபோதுதான் அழுகை வந்தது.

முக்கால் மணி நேரம். தையல் கிடையாது, பிளாஸ்டர் மட்டும். அன்று மாலையே வீடு. செலவில் ஒரு பகுதி மெடிசேவில், அதாவது மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பில் கழிந்தது.

குறையும் உண்டு. நீலம் பாயும் என்று சொன்னார்கள், எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அக்குள்வரை கத்திரிக்காய் நிறம். ஏதோ கெட்டுவிட்டது என்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. உள்ளே ரத்தம் கட்டுவது இந்த முறையில் சகஜம், பத்து நாளில் வடிந்தது. பிளாஸ்டரை எடுத்தபிறகு இறுக்கமான பிரா இரவும் பகலும் போட வேண்டும். அதையும் முன்பே சொல்லியிருக்கலாம், முன்பக்கம் கொக்கி வைத்ததாக வாங்கி வைத்திருப்பேன். பின்னால் கையைக் கொண்டுபோக முடியவில்லை.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். எல்லாக் கட்டிக்கும் இது சரிவராது. பெரிய கட்டி, சந்தேகமான கட்டி என்றால் முழுதாகத்தான் எடுப்பார்கள். துண்டு துண்டாக எடுப்பதால் மிச்சம் இருந்தால் திரும்ப வளரவும் கூடும், அதையும் கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள்.

ஒரு வாரத்தில் பரிசோதனை முடிவு வந்தது, அதே ஃபைப்ரோஅடினோமாதான். ஆறாம் மாத ஸ்கேனில் ஒன்றும் இல்லை. போன மாதம் வந்திருந்த அம்மா தழும்பைக் காட்டச் சொன்னார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் தேடினார்.