கடலோரக் கண்ணும் பனிமலையும்: இரண்டு லென்ஸ்களுடன் ஏழு ஆண்டுகள்

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் படமெடுக்கப் பழகியவர்களுக்கு, பரந்த காட்சி என்றாலே வைட் ஆங்கிள் லென்ஸ்தான் என்பது யோசிக்காமலே கைக்கு வந்துவிடும் வழக்கம். அந்த வழக்கத்தோடுதான் ஏழு ஆண்டுகளுக்கு முன்பு, ஃபுல் பிரேம் கேமராவில் (பழைய 35 மி.மீ. பிலிம் அளவு சென்சார் கொண்டது) கேனன் 16-35 மி.மீ. எஃப்/4 வைட் ஆங்கிள் லென்ஸை மாட்டிக்கொண்டு, மேற்கு வங்க-நேபாள எல்லையில் 3,636 மீட்டர் உயரத்திலுள்ள சந்தக்பூவில் விடியலுக்குக் காத்திருந்தேன். கண்ணுக்கு வானளாவ நின்ற கஞ்சன்ஜங்கா, படத்தில் வெள்ளைக் கோடாகச் சுருங்கிப் போயிருந்தது.

ஊருக்குத் திரும்பியபின் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. 8,586 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரம் அங்கிருந்து அறுபது கிலோமீட்டருக்கும் அப்பால் இருப்பதால், நம் கண்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4 பாகைதான் மேலெழுகிறது, 16 மி.மீ. லென்ஸோ மேல்கீழாக 74 பாகையை உள்ளே இழுத்துக்கொள்வதால், மலைக்குக் கிடைப்பது படத்தின் உயரத்தில் இருபதில் ஒரு பங்கே. அதே இடத்தில் 200 மி.மீ. வைத்தால் பாதிக்கும் மேல் மலையே நிற்கும்.

அடுத்த பயணத்திற்குத் தொலைவை நெருக்கிக் காட்டும் 70-200 மி.மீ. லென்ஸ் வாங்கினேன். துளை அகலமாகத் திறந்து அதிக ஒளியை உள்ளே விடும் எஃப்/2.8 வகையின் மீது ஆசை இருந்தாலும், அது ஒன்றரைக் கிலோவை ஒட்டிய எடை. எஃப்/4 வகை 760 கிராம்தான். இரண்டையும் கடன் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு செஞ்சி ராஜகிரிக் கோட்டையின் படிகளில் ஏறிப் பார்த்ததில், வாதமே முடிந்துபோனது. மலைக்காட்சியை எப்படியும் முக்காலியில் வைத்து, துளையைச் சுருக்கி எஃப்/8 அளவில் எடுக்கப்போகிறவருக்கு, எஃப்/2.8 என்பது சுமையைக் கூட்டும் வசதி மட்டுமே என்பது என் முடிவு. ஒன்றன்பின் ஒன்றாக வெளுத்துக்கொண்டே போகும் மலைத்தொடர்களை நெருக்கி அடுக்கிக் காட்டுவதில் இந்த லென்ஸுக்கு ஈடில்லை. ஆனால் தூரம் கூடக்கூடக் காற்றின் நடுக்கமும் புகைமூட்டமும் கூர்மையைத் தின்றுவிடும் என்பதால், வெயில் ஏறிப் பள்ளத்தாக்கின் மேகம் மேலெழுவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும்.

16-35 வீணாகிவிடவில்லை. இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டியிலுள்ள சந்திரதால் ஏரிக்கரையில் தரையோடு தாழ்ந்து, அருகிலிருக்கும் கல்லையும் நீரையும் முன்னிறுத்தியபோதுதான் அது தன் தகுதியைக் காட்டியது. முன்னால் பொருளில்லாத இடத்தில் அதனை மாட்டுவதில்லை. பிரதிபலிப்பைக் குறைத்து வானத்தைக் கருக்கிக் காட்டும் போலரைசர் வடிகட்டியை மட்டும் அதிலிருந்து கழற்றிவிட்டேன். அவ்வளவு உயரத்தில் வானம் இயல்பாகவே கருநீலமாக இருக்க, சூரியனுக்குச் செங்கோணத்திலுள்ள பகுதியைப் போலரைசர் மேலும் கருக்கி, அகன்ற வானத்தில் திட்டுத் திட்டாகக் காட்டும்.

குளிரில் லென்ஸை விடப் பேட்டரிதான் முதலில் கைவிடும். லடாக்கின் லேயில் முழுதாகச் சார்ஜ் ஏற்றியது கார்துங் லா கணவாயில் பாதியாகத் தெரிந்தது; சட்டையின் உள்பையில் வைத்துச் சூடேற்றியதும் ஓரளவு மீண்டது. வெளியிலிருந்து சூடான அறைக்குள் நுழையும் முன் கேமராவைப் பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டிவிட்டால், ஈரம் கண்ணாடியில் படியாமல் உறையின் மேல் படியும்.

உண்மையில் என் லென்ஸ்களுக்கு நேர்ந்த பெருங்கேடு பனிமலையில் நேரவில்லை, வீட்டில் நேர்ந்தது. ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் 70-200 தன் தோல்பையிலேயே கிடக்க, தையில் எடுத்துப் பார்த்தபோது உட்கண்ணாடியில் சிலந்திவலை போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. துடைத்துக் கொடுத்த பழுதுநீக்குநர், பூஞ்சை மேற்பூச்சை அரித்த இடத்தில் தழும்பு போகாது என்றார். இன்றும் சூரியனுக்கு எதிரே வைத்தால் அந்த மூலையில் படம் மங்குகிறது. அதன் பிறகு ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் நிற்கும் டிரை கேபினெட் ஒன்று வாங்கிவிட்டேன். கடலோரத்தில் குடியிருப்பவர் இரண்டாவது லென்ஸை வாங்கும் முன் அதைத்தான் வாங்க வேண்டும். நான் வரிசையை மாற்றிச் செய்தேன்.