பழைய ஹார்ட் டிஸ்க் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

போனது 1,800 ரூபாய். மீன்பிடித் தடைக்காலத்தில், படகு கரையில் கிடக்கிற நேரத்தில், 1,800 ரூபாய் என்றால் என்னவென்று மண்டபத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

வீட்டில் இருப்பது பழைய பென்டியம் 4 கம்ப்யூட்டர். டீசல், ஐஸ், ஆள் பங்கு எல்லாக் கணக்கும் அதில்தான். பட்டைக் கேபிள் மாட்டும் ஐடிஇ டிஸ்க்தான் அதற்குச் சேரும்; புதிதாகத் தேடினால் கிடைப்பதில்லை. ஜூன் 14 வரை கடலுக்குப் போக முடியாது, அதற்குள் கணக்கை ஏற்றிவிடலாம் என்று ராமநாதபுரத்தில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். 80 ஜிபி டிஸ்க் ஒன்றை என் கண் முன்னாலேயே மாட்டி ஓடவிட்டு, "காதை வச்சுக் கேளுங்கண்ணே, சத்தம் இருக்கா?" என்றார். இல்லை. "ஒரு ஆபீஸ்ல ரெண்டு வருஷம் ஓடினது. ஏதாவதுன்னா கொண்டாங்க, மாத்தித் தர்றேன்." பில் கேட்கவே கூச்சமாக இருந்தது. டீ குடித்த வாய் அல்லவா! 1,800-ஐ எண்ணிக் கொடுத்தேன்.

மூன்று நாள் ஒழுங்காக ஓடியது. நான்காம் நாள் இரவு பல்லி சொல்வது போல டக், டக் என்று சத்தம். டிப்ளமோ படிக்கும் அக்கா மகன் டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சாப்ட்வேரைப் போட்டுப் பார்த்துவிட்டு, "மாமா, இது 41,000 மணி நேரம் ஓடியிருக்கு" என்றான். வருஷத்துக்கே 8,760 மணி நேரம்தான். ராப்பகலாக நாலரை வருஷத்துக்கு மேல்! ஏதோ கண்காணிப்பு கேமராவின் பதிவுப் பெட்டியில் ஓடினதாக இருக்கும் என்பது அவன் கணிப்பு. விடிவதற்குள் டிஸ்க் செத்தது. அடியில் இருக்கும் பச்சை போர்டைக் கழற்றிப் பார்த்தால், டிஸ்க்கைத் தொடும் புள்ளிகள் எல்லாம் கறுத்து, ஓரத்தில் களிம்பு. உப்புக் காற்று தின்ற சாமான்.

போன் செய்தேன். "ஜம்பரை மாத்திப் போட்டுப் பாருங்க." (டிஸ்க்கின் பின்பக்க ஊசிகளில் செருகியிருக்கும் குட்டித் துண்டுதான் ஜம்பர்.) மறுபடி செய்தேன். "கேபிள் பழசா இருக்கும் சார்." அண்ணன் அதற்குள் சார் ஆகிவிட்டேன். பஸ் ஏறி நேரில் போனால், "ஓனர் மதுரைக்குப் போயிருக்கார்" என்கிறான் கடைப் பையன். தடுப்புக்குப் பின்னால் ஓனர் போனில் சிரித்துப் பேசுவது எனக்கே கேட்கிறது! இரண்டாம் தடவை ஆள் சிக்கினார். "பழைய சாமானுக்கு ஏது வாரண்டி? அதுவும் போர்டைக் கழட்டிட்டீங்களே." கழற்றியது என் புத்திகெட்டதனம், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக 1,800 ரூபாயும் அவருக்கா?

சரி, விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. எத்தனை மணி நேரம் ஓடியது என்று கடையிலேயே பார்க்காமல் காசை எடுக்காதீர்கள். துண்டுச் சீட்டிலாவது பில் வாங்குங்கள். போர்டில் கை வைக்காதீர்கள். கணக்கை பென் டிரைவிலும் ஒரு பிரதி வையுங்கள். நான் வைக்கவில்லை, நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, அக்கா மகன் லேப்டாப்பில் ஜனவரி டீசல் கணக்கிலிருந்து மறுபடி தட்டிக்கொண்டிருக்கிறேன்.