2012 மேக்புக் ப்ரோவோட பதினோரு வருஷம்: ஸ்லோ ஆனது வேற, ஃப்ரீஸ் ஆனது வேற

என்கிட்ட இருக்கிறது 13 இன்ச் மேக்புக் ப்ரோ, 2012 மிட் மாடல், நான் வாங்கினது 2014ல. டிவிடி டிரைவோட வந்த கடைசி மேக் லேப்டாப் இதுதான். 2016 அக்டோபர் வரைக்கும் இதை புதுசாவே வித்துட்டிருந்தாங்க, அதனால இன்னமும் நிறைய பேர் வீட்ல ஓடிட்டுதான் இருக்கும், அவங்கள்ல ஒருத்தருக்காவது நான் பட்ட அலைச்சல் மிச்சமாகட்டும்னுதான் உக்காந்து எழுதுறேன். 2.5 கிகாஹெர்ட்ஸ் ஐ5, 4 ஜிபி ரேம், 5400 ஆர்பிஎம் சுத்துற 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். என் வேலை மொழிபெயர்ப்பு. ஒரு பக்கம் பெரிய பிடிஎஃப், இன்னொரு பக்கம் டாகுமெண்ட், பின்னாடி அகராதி, தேடல்னு முப்பது நாப்பது டேப் திறந்தே கிடக்கும்.

முதல் நாலு வருஷம் சொல்றதுக்கு ஒன்னுமில்ல, நல்லா ஓடுச்சு. 2018 கடைசில மொஹாவிங்கிற மேக்ஓஎஸ் பதிப்பு போட்டேன், அதுக்கப்புறம்தான் ஆன் பண்ணா டெஸ்க்டாப் வர்றதுக்குள்ள காபி போட்டுட்டு வந்துடலாம்ங்கிற நிலைமை. காரணம் பின்னாடிதான் புரிஞ்சது. மொஹாவி போட்டா ஹார்ட் டிஸ்க்கும் ஏபிஎஃப்எஸ்ங்கிற புது ஃபைல் சிஸ்டத்துக்கு மாறிடும், அது எஸ்எஸ்டியை, அதாவது சுத்துற பாகமே இல்லாத வேகமான டிஸ்க்கை, மனசுல வச்சு செஞ்சது, சுத்துற டிஸ்க்ல ஃபைல் விவரமெல்லாம் அங்கங்க சிதறிக் கிடக்கும், ஒவ்வொன்னுக்கும் ஹெட் ஓடி ஓடி எடுத்துட்டு வரணும்.

அப்ப எனக்கு இதெல்லாம் தெரியாது, ரேம்தான் பத்தலன்னு நினைச்சேன். எந்த ப்ரோக்ராம் எவ்ளோ எடுக்குதுன்னு காட்டுற ஆக்டிவிட்டி மானிட்டர் ஆப்ல மெமரி டேப்ல கீழ ஒரு கிராஃப் இருக்கும், மெமரி பிரஷர்னு. எவ்ளோ ரேம் யூஸ் ஆகியிருக்குங்கிற எண்ணை பாத்து பயப்பட வேண்டாம், காலியா கிடந்தா மேக் அதை கேஷுக்கு, அதாவது அடிக்கடி தேவைப்படுறதை கையிலேயே வச்சுக்க, எடுத்துக்கும், அது நல்லதுதான். கிராஃப் பச்சையா இருக்கா மஞ்சள், சிவப்புக்கு போகுதா, பக்கத்துல ஸ்வாப், அதாவது ரேம் பத்தாம டிஸ்க்ல எழுதி வைக்கிறது, எவ்ளோ ஏறியிருக்கு, இது ரெண்டும்தான் முக்கியம். எனக்கு எப்பவும் மஞ்சள், ஸ்வாப் 3 ஜிபிக்கு மேல. 8 ஜிபி ரெண்டு வாங்கி 16 ஆக்கினேன், ஸ்பெக்ல 8 தான் அதிகபட்சம்னு போட்டிருக்கும், ஆனா 16ஐ தாராளமா எடுத்துக்கும், 1600 மெகாஹெர்ட்ஸ் டிடிஆர்3 லேப்டாப் ரேம். கிராஃப் பச்சை ஆயிடுச்சு, டேப் மாத்துறது லகுவாச்சு, ஆனா பூட் ஆகுற நேரம் மட்டும் ஒரு நொடி கூட குறையல.

2019ல எஸ்எஸ்டி போட்டேன். பின்பக்கம் பத்து ஸ்க்ரூ, அதுல மூணு நீளம், எது எங்கேருந்து வந்துச்சுன்னு ஒரு பேப்பர்ல படம் போட்டு அதுமேலயே வச்சுக்கோங்க. திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரை கழட்டுறது. டிஸ்க்கோட பக்கவாட்டுல நாலு குமிழ் இருக்கும், அதுக்கு டி6 டார்க்ஸ்ங்கிற நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவர் வேணும். வேற கம்பெனி எஸ்எஸ்டினா டெர்மினல்ல ட்ரிம்ஃபோர்ஸ் எனேபிள் கமாண்ட் கொடுக்கணும், அழிச்ச ஃபைலோட இடம் காலின்னு எஸ்எஸ்டிக்கு சொல்றதுக்கு, நிறைய பேர் இதை விட்டுடுறாங்க. போட்ட அன்னிக்கு அரை நிமிஷத்துல பூட் ஆச்சு, புது மெஷின் வாங்குன சந்தோஷம். அடுத்த வருஷம் மொஹாவிக்கு அடுத்த பதிப்பான கேடலினா போட்டேன், அதுலயும் ஒரு குறையும் இல்ல.

நிஜமான பிரச்சனை 2021ல வந்துச்சு. இது ஸ்லோ இல்லங்க. நல்லா வேகமா ஓடிட்டே இருக்கும், திடீர்னு அந்த வண்ணப்பந்து சுத்த ஆரம்பிக்கும், மவுஸ் பாயிண்டர் நகரும், திறந்திருக்குற பக்கத்தை ஸ்க்ரோல் கூட பண்ணலாம், ஆனா புதுசா எதைத் தொட்டாலும் அப்படியே நின்னுடும், ஒரு நிமிஷமோ ரெண்டு நிமிஷமோ கழிச்சு எதுவுமே நடக்காத மாதிரி திரும்ப ஓடும், இல்லன்னா பவர் பட்டனை அமுக்கித்தான் அணைக்கணும். ஒரு தடவை ஆன் பண்ணா வெள்ளை ஸ்க்ரீன்ல கேள்விக்குறி போட்ட ஃபோல்டர் வந்துச்சு, மறுபடி ஆன் பண்ணா சாதாரணமா பூட் ஆயிடுச்சு. மறுநாள் அனுப்ப வேண்டிய மொழிபெயர்ப்பு பாதில இருக்கும்போது இது நடந்தப்ப அழுகையே வந்துடுச்சு.

என்னென்ன பண்ணேன்னு கேட்டா எல்லாமே பண்ணேன். இடது பக்க ஷிஃப்ட், கன்ட்ரோல், ஆப்ஷனோட பவர் பட்டனை 10 நொடி பிடிச்சு எஸ்எம்சி (பவர், ஃபேனை கவனிக்கிற சிப்) ரீசெட், ஆப்ஷன் கமாண்ட் பி ஆர் பிடிச்சு என்விரேம் (சில அடிப்படை செட்டிங் இருக்குற மெமரி) ரீசெட், ஷிஃப்ட் பிடிச்சு சேஃப் மோட், புது யூசர் அக்கவுண்ட். சேஃப் மோட்லயும் ஃப்ரீஸ் ஆச்சு, அப்பவே நான் யோசிச்சிருக்கணும், ஏன்னா அதுல நாம போட்ட லாகின் ஐட்டமெல்லாம் ஓடாது, அதுலயும் நிக்குதுன்னா பெரும்பாலும் ஹார்ட்வேர் பக்கம்தான் பாக்கணும். ஆனா நான் சிஸ்டத்தை அழிச்சு புதுசா போட்டுப் பாத்தேன், இன்ஸ்டாலேஷனே பாதில நின்னுடுச்சு. ஒரு சர்வீஸ் கடைல "மதர்போர்டு போயிடுச்சு மேடம், மாத்துற காசுக்கு வேற மெஷினே பாத்துக்கலாம்"னாங்க, இன்னொரு கடைல எஸ்எஸ்டி போச்சுன்னாங்க. ரெண்டு பேருமே திறந்து பாக்கவே இல்ல.

சித்தப்பா பையன்தான் போன்ல கேட்டான், "அக்கா, டிஸ்க்க வெளிய எடுத்து யூஎஸ்பில மாட்டி பூட் பண்ணிப் பாத்தியா?" அன்னிக்கே ஒரு யூஎஸ்பி 3 டிஸ்க் கேஸ் வாங்கி, எஸ்எஸ்டியை அதுல போட்டு, ஆப்ஷன் கீயை பிடிச்சுட்டு ஆன் பண்ணி அதைத் தேர்ந்தெடுத்தேன். இன்ஸ்டாலேஷன் முழுசா முடிஞ்சது. மூணு நாள் அப்படியே ஒயர் தொங்கத் தொங்க வேலை பாத்தேன், ஒரு தடவை கூட நிக்கல. அதே எஸ்எஸ்டி, அதே போர்டு. அப்ப நடுவுல இருக்கிறது என்ன, டிஸ்க்கையும் போர்டையும் இணைக்கிற சாட்டா கேபிள் மட்டும்தான்.

காகிதம் மாதிரி மெல்லிசான பட்டை அது. டிஸ்க் பக்கத்துலேருந்து வளைஞ்சு அலுமினியம் பாடி மேலயே படிஞ்சு போர்டுக்கு போகும். வருஷக்கணக்குல சூடு, அமுக்கம், உரசல், அதோட நாமளும் டிஸ்க் மாத்தும்போது ஒரு தடவை மடக்கி நிமித்துறோம், உள்ள இருக்குற மெல்லிசு கம்பில எங்கயோ நைஞ்சுடுது. இந்த 13 இன்ச் மாடல் வச்சிருக்குறவங்க நடுவுல இது ரொம்ப பேசப்பட்ட விஷயம்னு அப்புறம் தேடினப்பதான் தெரிஞ்சது. எஸ்எஸ்டியை திரும்ப உள்ள போட்டு டிஸ்க் தானே குறிச்சு வைக்கிற கணக்கைக் காட்டுற ஸ்மார்ட்மான்டூல்ஸ் வச்சு பாத்தேன், 199ங்கிற ஐடி போட்ட வரில யூடிஎம்ஏ சிஆர்சி எரர் கவுண்ட்னு ஒன்னு வரும், டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவுல டேட்டா சிதைஞ்சு போச்சுன்னா அந்த எண் ஏறும். காலைல பாத்ததுக்கும் ராத்திரி பாத்ததுக்கும் ஐம்பதுக்கு மேல வித்தியாசம். மேக்கோட டிஸ்க் யுட்டிலிட்டி ஆப் அதே நாள் "வெரிஃபைட்"னு காட்டிட்டு இருந்துச்சு, அதை மட்டும் நம்பாதீங்க. சிஸ்டம் பதிவைக் காட்டுற கன்சோல் ஆப்லயும் ஃப்ரீஸ் ஆன நேரத்துக்கு நேரா டிஸ்க் ஐ/ஓ எரர் (படிக்க, எழுத முடியாத பிழை) வரி வரியா இருந்துச்சு.

புது கேபிள் மாத்துறதுக்கு இருபது நிமிஷம்தான் ஆச்சு. மாத்தும்போது கேபிள் படுற இடத்துல அலுமினியம் மேல இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டினேன், மூலைல கூர்மையா மடிக்காம ஒரு பேனாவை வச்சு உருண்டையா வளைச்சேன். அன்னிலேருந்து அந்த ஃப்ரீஸ் இல்ல. புது லேப்டாப்புக்கு ஒரு லட்சம் எடுத்து வைக்கலாமான்னு வீட்ல பேசிட்டிருந்தோம், அதை நினைச்சா இப்பவும் ஒரு மாதிரி இருக்கு.

மத்ததெல்லாம் சின்னது. வெயில் காலத்துல ஒரு தடவை எல்லாமே ஆமை வேகம் ஆச்சு, ஆக்டிவிட்டி மானிட்டர்ல கெர்னல் டாஸ்க்ங்கிற மேக்கோட சொந்த ப்ரோக்ராம் 400 சதவீதம் (ஒரு த்ரெட்டுக்கு 100னு கணக்கு) வரைக்கும் காட்டுச்சு. அதை வைரஸ்னு நினைச்சுக்காதீங்க, சிபியு சூடானா மத்த ப்ரோக்ராம் அதை அதிகமா எடுத்துக்காம தடுக்குறதும் அதோட வேலைல ஒன்னு. ஃபேன்ல கம்பளி மாதிரி தூசி, சுத்தம் பண்ணி தெர்மல் பேஸ்ட் மாத்தினதும் சரியாச்சு. காத்து வெளிய போற வழி கீல் பக்கத்துல இருக்கு, மெத்தை மேல வச்சு வேலை பாத்தா சூடு கிளம்பத்தான் செய்யும். அப்பாவோட பழைய போட்டோ ஆயிரக்கணக்குல ஸ்கேன் பண்ணி ஏத்தினப்ப ஃபோட்டோஅனலிசிஸ்டி, எம்டிஎஸ் ஸ்டோர்ஸ்னு ரெண்டு ப்ரோக்ராம் லிஸ்ட்ல மேலயே நின்னுச்சு. ஒன்னு முகம் தேடுது, இன்னொன்னு மேக்கோட தேடலான ஸ்பாட்லைட்டுக்கு இன்டெக்ஸ் போடுது. சார்ஜர்ல போட்டு ராத்திரி பூரா விட்டேன், தானா முடிஞ்சது. க்ளீனர் ஆப் எதுவும் வேணாம், நான் போட்ட ஒன்னை கழட்டினப்பதான் மெஷின் வேகமாச்சு.

பேட்டரி பத்தி மட்டும் கொஞ்சம் கவனமா கேளுங்க. ட்ராக்பேட் அழுத்தினா க்ளிக் ஆகாம கெட்டியா இருந்தா பேட்டரி உப்பி கீழேருந்து தள்ளுதான்னு உடனே திறந்து பாருங்க, எனக்கு 2022ல அப்படித்தான் ஆச்சு. உப்பினதை குத்தக்கூடாது, வளைக்கக்கூடாது, சார்ஜும் போடக்கூடாது. அதை எடுத்துட்டு சார்ஜர்லயே ஓட்டிக்கலாம்னு பாத்தா, பேட்டரி இல்லாதப்ப ப்ராசசர் வேகத்தை மெஷின் தானாவே குறைச்சுடும், புதுசு வர்ற வரைக்கும் ஒரு வாரம் அந்த ஸ்லோவோடதான் இருந்தேன்.

இப்பவும் கேடலினாலதான் இருக்கேன். இந்த மாடலுக்கு அதுதான் கடைசி, அதுக்கு செக்யூரிட்டி அப்டேட்டும் 2022 ஜூலையோட நின்னுடுச்சு, அதனால பேங்க் வேலையெல்லாம் போனுக்கு மாத்திட்டேன். ஓப்பன்கோர் லெகசி பேட்சர்ங்கிற வெளி ஆள் செஞ்ச டூல் வச்சு புது மேக்ஓஎஸ் ஏத்தலாம், ஏத்தினவங்க இருக்காங்க. ஆனா இந்த எச்டி 4000 கிராஃபிக்ஸுக்கான டிரைவரை மான்டரேங்கிற பதிப்புலேருந்து எடுத்துட்டாங்க, பேட்ச் போட்டு அதை திரும்ப உள்ள நுழைக்கணும், அப்டேட் வர்றப்ப மறுபடி அதே வேலை. என் பொழப்பு இந்த மெஷின்ல இருக்கு, அதனால அதுல நான் கை வைக்கல.

போன மாசம் தூசி தட்ட திறந்தேன். ஒட்டுன டேப் அப்படியே இருக்கு, சிஆர்சி எண்ணும் கேபிள் மாத்தின அன்னிக்கு நோட்டுல எழுதி வச்சதுலேருந்து ஒன்னு கூட ஏறல.