அப்பாவின் ஒரு டிரில், என்னுடைய நான்கு மெஷின்கள்

1994-ல் அப்பா ஒரு டிரில் மெஷின் வாங்கினார். 13 எம்எம் சக் (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்), அலுமினிய பாடி, தூக்கினால் மூன்று கிலோவுக்குக் குறையாது. விலை 2,800 ரூபாய். இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கக் காரணம் அம்மா. அந்த மாதம் முழுக்க அந்தத் தொகையைச் சொல்லிச் சொல்லியே சோறு போட்டார், ஏனென்றால் அப்பாவின் தச்சுக்கூலி அப்போது நாளுக்கு நூறு ரூபாய். அந்த மெஷின் இன்றும் என் பட்டறையில் ஓடுகிறது. 2016-க்குப் பிறகு நான் வாங்கிய நான்கில் முழுசாக இருப்பது ஒன்றே ஒன்று.

கோவையில் கட்டில், பீரோ, கிச்சன் கப்போர்டு வேலை செய்கிறேன். மெஷின் கையில் இருப்பது நாளுக்கு மூன்று நான்கு மணி நேரம். வருடத்துக்கு ரெண்டு தடவை சுவரில் ஆணி அடிக்க டிரில் எடுப்பவருக்கு நான் சொல்வதில் பாதி பொருந்தாது. நான் வாங்கியவற்றின் பிராண்டு பெயரும் சொல்லப்போவதில்லை, சொன்னால் பேச்சு பிராண்டுச் சண்டைக்குப் போய்விடும்.

முதலில் போனது வெட்டவும் தேய்க்கவும் வைத்திருந்த 4 இஞ்ச் கிரைண்டர். 1,900 ரூபாய், ஆறு மாத வாரண்டி, எட்டாவது மாதம் வார்னிஷ் கருகிய வாடையோடு நின்றது. காரணம் கார்பன், அதாவது சுற்றும் பாகத்துக்கு உரசியபடி கரண்ட் கொடுக்கும் சின்னக் கட்டை, தேய்ந்ததாக இருக்கும் என்று நினைத்தேன். பழைய டிரில்லில் இரண்டு பக்கமும் மூடி இருக்கும், ஸ்க்ரூ டிரைவரால் திருகினால் கார்பன் கையில் வந்துவிடும், ஐந்து நிமிட வேலை. இதிலோ பின்பக்கத்து பாடியையே கழற்ற வேண்டியிருந்தது, திருகுகளும் நட்சத்திரத் தலை, அதற்கு ஒரு பிட் வாங்கப் போனேன். திறந்து பார்த்தால் கார்பன் பாதிகூடத் தேயவில்லை. போனது ஃபீல்டு காயில், மோட்டாரில் சுற்றாமல் நிற்கும் கம்பிச் சுருள்.

மோட்டாருக்குக் கம்பி சுற்றித் தரும் வைண்டிங் கடை அண்ணன் கம்பியைக் கத்தியால் லேசாகச் சுரண்டிக் காட்டினார், உள்ளே வெள்ளை. “இது அலுமினியமுங்க தம்பி. மேலே செம்புக் கலர்ல வார்னிஷ். சுத்திக் குடுத்தர்றேன், ஆனா கேரண்டி கேக்காதீங்க.” அலுமினியம் என்றாலே மட்டம் என்று சொல்லவில்லை. ஆனால் அதன் மின்தடை செம்பைப் போலச் சுமார் 1.6 மடங்கு. அதே சூட்டில் ஓட வேண்டுமானால் கம்பி தடிமனாக இருக்க வேண்டும். கைக்குள் அடங்குகிற கிரைண்டரில் தடிக் கம்பிக்கு எங்கே இடம்? கம்பியும் ஒல்லி, மோட்டாரும் சின்னது, அப்புறம் எங்கள் ஏரியாவில் சாயங்காலமானால் வோல்டேஜ் இறங்கும், நாமும் வேலை முடிகிற அவசரத்தில் அழுத்திப் பிடிப்போம். கருகாமல் என்ன செய்யும்?

இரண்டாவது ஹேமர் டிரில். மோட்டார் நல்ல மோட்டார், செம்புதான். ஆனால் பேரிங் உட்காரும் குழியே பிளாஸ்டிக். இரண்டு வருடத்தில் சூடேறி அந்தக் குழி தளர்ந்து, பேரிங்கின் வெளிவளையமும் சேர்ந்து சுற்ற ஆரம்பித்துவிட்டது. பேரிங் அறுபது ரூபாய்தான், மாற்றலாம், ஆனால் குழியை என்ன செய்வது? சர்வீஸ் சென்டரில் பாடி கேட்டால் அந்த மாடல் நின்றுவிட்டது, ஸ்பேர் வராது என்றார்கள். வாங்கி இரண்டே வருடம்! 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் தொடங்கியபோது ஆசையாகப் போய்ப் பார்த்தேன். விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாதனம், வாகனம் என்று நான்கு பிரிவு. என் டிரில் எதில் சேரும் என்று இன்னும் புரியவில்லை.

மூன்றாவது கதை கொஞ்சம் அசிங்கமானது, தப்பும் என்னுடையது. ஆன்லைனில் கார்ட்லெஸ் டிரில், பேட்டரி மேல் பெரிய எழுத்தில் 48 என்று போட்டிருந்தது, அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘விஎஃப்’. அந்தப் பொடி எழுத்தை நான் கவனிக்கவே இல்லை, 48 வோல்ட் என்றே எடுத்துக்கொண்டேன். ஒன்றரை வருடத்தில் சார்ஜ் ஏறாமல் போக, உடைத்தேன். உள்ளே ஐந்தே ஐந்து செல், 18650 அளவு (18 எம்எம் விட்டம், 65 எம்எம் நீளம்). ஒரு லித்தியம் செல் 3.6 வோல்ட், ஐந்தைத் தொடராகக் கோத்தால் 18. முழு சார்ஜில் செல் 4.2-க்கு ஏறும், அப்போது 21. அதாவது 18 என்று விற்பதும் 21 என்று விற்பதும் 48 விஎஃப் என்று விற்பதும் உள்ளே ஒரே சரக்கு. ஐந்தில் ஒரு செல் மட்டும் செத்திருந்தது, அது போனதால் மொத்த பேக்கும் போச்சு. பேட்டரி மட்டும் வாங்கலாம் என்றால் டிரில் விலையில் முக்கால்வாசி.

நாலாவது டிரிம்மர், பலகையின் ஓரத்தைச் சீவுகிற மெஷின். அது 2021-லிருந்து ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. மற்றதைவிட இரண்டரை மடங்கு விலை கொடுத்தேன், கார்பனும் வெளியிலிருந்தே மாற்றலாம், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த ரகசியம்.

அதற்காக அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்பாவின் டிரில் உலோகப் பேய். எர்த் இல்லாத பழைய வீடுகளில் அது ஷாக் அடித்து அப்பா ஏணியிலிருந்து ஒருமுறை இறங்கினாரா விழுந்தாரா என்று சொல்ல முடியாதபடி தரைக்கு வந்திருக்கிறார். இன்றைய மெஷினில் சதுரத்துக்குள் சதுரம் என்று ஒரு குறி இருக்கும், இரட்டை இன்சுலேஷன் என்று அர்த்தம், அந்த விஷயத்தில் புதுசுதான் மேல். 1994-ல் வாங்கிக் காயலான் கடைக்குப் போன டிரில்களும் ஆயிரம் இருக்கும், அவற்றைப் பற்றி எழுத யாரும் இல்லை.

கணக்கையும் நேர்மையாகப் போட வேண்டும். அப்பா கொடுத்தது 28 நாள் கூலி. இன்று என்னிடம் வேலை செய்யும் தச்சருக்கு நாளுக்கு 1,100 கொடுக்கிறேன், அதே 28 நாளுக்கு 30,800 ஆகிறது. அந்த விலைக்கு ஒரு டிரில்லைக் கடைக்காரர் நீட்டினால் நானே சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். இரண்டு நாள் கூலிக்கும் குறைவாகக் கொடுத்துவிட்டு முப்பது வருடம் எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான். பாஷ் நீல நிறத்தைத் தொழில்காரருக்கும் பச்சையை வீட்டு உபயோகத்துக்கும் என்று வெளிப்படையாகவே பிரித்திருக்கிறது, அதில் எனக்குக் கோபம் இல்லை. குறைந்த விலைக்குக் குறைந்த ஆயுள், சரி. என் கோபமெல்லாம், போனால் பிரிக்க முடியாமல், பிரித்தாலும் ஸ்பேர் கிடைக்காமல் செய்வதில்தான். அறுபது ரூபாய் பேரிங்குக்காக மொத்த மெஷினும் குப்பைக்குப் போவது எந்த விலைக்கும் நியாயமில்லை.

இப்போது கடையில் வாங்குமுன் கார்பன் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறேன், ஆர்மேச்சர் (மோட்டாரில் சுற்றும் பாகம்) தனியாக என்ன விலை என்று கேட்கிறேன். பதில் வரவில்லை என்றால் வாங்குவதில்லை. போன மாதம் அப்பாவின் டிரில்லில் வயர் மாற்றினேன், ரப்பர் உறை வெடித்திருந்தது. வைண்டிங் கடை அண்ணன் ஆர்மேச்சரையும் ஒருமுறை எடுத்துப் பார்த்தார். 2007-ல் தான் சுற்றியதுதான், இன்னும் தாங்கும் என்று சொல்லி, காசு வாங்காமல் கொடுத்துவிட்டார்.